கூரை இழந்த மடங்களும் கூரை காத்த மக்களும்

வரலாற்றுச் சின்னங்களைக் காணச் செல்வோர் பெரும்பாலும் இருவகைக் கட்டடங்களைக் காண்கின்றனர். ஒன்று, கட்டிய நாள் தொட்டு இன்றுவரை பயன்பாட்டில் இருப்பது. மற்றொன்று, பயன் ஒழிந்து இடிந்து கிடப்பது. இவ்விரண்டும் ஒரே சுவரின் இருபுறங்களிலும் அமைந்திருக்கும் காட்சி உலகில் அரிது. ஆனால், இங்கிலாந்து நாட்டின் பழைய தேவாலயங்களையும் மடாலயங்களையும் காண்பவர்க்கு அக்காட்சி பல ஊர்களில் எதிர்ப்படும்.

அந்நாட்டின் வடபகுதியாகிய யார்க்‌ஷயரில், வார்ஃப் என்னும் ஆறு வளைந்தோடும் பசும்புல் வெளியில் போல்டன் மடாலயம் நிற்கின்றது. அதன் கிழக்குப் பாதி கூரையின்றி, சாளரங்களில் கண்ணாடியின்றி, வானத்தை நோக்கி நிற்கின்றது. மேற்குப் பாதியிலோ இன்றும் வழிபாடு நடைபெறுகின்றது, மணி ஒலிக்கின்றது, திருமணங்கள் நிகழ்கின்றன. முன்புறத்தில் ஒரு கோபுரம் பாதியளவில் நின்றுவிட்டது. 1520 ஆம் ஆண்டில் ரிச்சர்ட் மூன் என்னும் மடத்தலைவர் அதனைக் கட்டத் தொடங்கினார். பணி முடியுமுன்னரே மடம் மூடப்பட்டது. மலாக்காவில் தூய பவுல் குன்றின்மீது கூரையற்று நிற்கும் பழைய தேவாலயத்தைக் கண்டவர்களுக்கு இத்தகைய சுவர்கள் புதியவை அல்ல. ஆயினும், ஒரே கட்டடத்தில் ஒரு பாதி வாழ, மறுபாதி வீழ்ந்தது ஏன் என்னும் வினா இங்கே எழுகின்றது. அவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மடங்களின் தோற்றமும் வாழ்வும்

இங்கிலாந்தில் துறவியர் மடங்களின் வரலாறு மிகப் பழையது. கி.பி. 635 ஆம் ஆண்டில் ஆஸ்வால்ட் மன்னரின் அழைப்பை ஏற்று, அயோனாத் தீவிலிருந்து வந்த ஏய்டன் என்னும் துறவி, வடகடலோரத்து லிண்டிஸ்பார்ன் தீவில் ஒரு மடத்தை நிறுவினார். நாள்தோறும் இருமுறை கடல் ஏறி வழியை மூடிவிடும் அத்தீவு, அமைதியை நாடியவர்க்கு ஏற்றதாக இருந்தது. ஆனால், 793 ஆம் ஆண்டில் கடல்வழி வந்த வைக்கிங் கொள்ளையர் அதனைத் தாக்கினர். பின்னாளில் அதே இடத்தில் எழுந்த நார்மானியர் கால மடத்தின் இடிபாடுகளையே இன்று நாம் காண்கின்றோம்.

1066 ஆம் ஆண்டில் நார்மானியர் இங்கிலாந்தை வென்றபின் மடங்கள் பெருகின. நிலம் பெற்ற பிரபுக்கள் தம் ஆன்ம ஈடேற்றத்திற்காக மடங்களுக்கு ஊர்களையும் வயல்களையும் ஆலைகளையும் எழுதி வைத்தனர். வில்லியம் டி வாரன் என்பாரும் அவர் மனைவி குந்திராடாவும் தென்பகுதியிலுள்ள லூயிஸ் நகரில் நிறுவிய மடம், பிரான்சு நாட்டுக் கிளூனி மடத்தின் வழிவந்த முதல் ஆங்கில மடமாகும். அவர்களின் மகன், நார்போக் பகுதியிலுள்ள காசில் ஏக்கரில் மற்றொரு மடத்தை அமைத்தார்.

‘ஆபட்’ எனப்படும் பெருந்தலைவரின்கீழ் இயங்கியது ‘அபே’ எனவும், ‘பிரையர்’ எனப்படும் தலைவரின்கீழ் இயங்கியது ‘பிரையரி’ எனவும் வழங்கப்பட்டன. பிரையரிகள் பலவும் சிறியவை. எனினும், பெயரைக்கொண்டு அளவை முடிவுசெய்ய இயலாது. ஆயரே பெருந்தலைவராகக் கருதப்பட்ட டர்ஹாம், கேன்டர்பரி போன்ற இடங்களில் பிரையரே மடத்தை நடத்தினார். அவை நாட்டின் மிகப் பெரிய மடங்களுள் அடங்கும்.

துறவியரின் நாள் மணியோசையால் அளக்கப்பட்டது. பகலில் ஏழு முறையும் இரவில் ஒரு முறையும் அவர்கள் கூடி இறைவனைப் பாடினர். நள்ளிரவில் படுக்கைக் கூடத்திலிருந்து நேரே தேவாலயத்திற்குள் இறங்கிவரக் கற்படிக்கட்டு ஒன்று இருக்கும். வடக்கே ஹெக்ஸாம் நகரத் தேவாலயத்தில் அத்தகைய இரவுப் படிக்கட்டு இன்றும் முழுமையாக உள்ளது. தலைமுறை தலைமுறையாகக் கால்கள் பட்டுத் தேய்ந்த அப்படிகளைக் காணும்போது, நூல்களில் நாம் படிக்கும் ‘துறவு வாழ்க்கை’ என்னும் சொற்றொடர் உயிர் பெறுகின்றது.

தேவாலயத்தின் ஒரு பக்கத்தில், பெரும்பாலும் தென்புறத்தில், தாழ்வாரம் சூழ்ந்த சதுர முற்றம் இருக்கும். அதனைச் சுற்றிக் கூட்ட மண்டபம், உணவுக்கூடம், படுக்கைக் கூடம், பண்டகசாலை ஆகியவை அமைந்திருக்கும். வாயிலருகே விருந்தினர் இல்லம் இருக்கும். ஏழைகளுக்கு உணவும் அங்கே வழங்கப்பெறும். இவ்வமைப்பை ஒருமுறை மனத்தில் பதித்துக்கொண்டால், முழங்கால் உயரச் சுவர்களே எஞ்சிய மடத்திலும் ‘இவ்விடத்தில் உண்டனர், இவ்விடத்தில் உறங்கினர்’ என்று நாமே சுட்டிக்காட்ட இயலும்.

மற்றுமொரு செய்தியையும் இங்கே குறிப்பிட வேண்டும். மடத்துத் தேவாலயத்தின் கிழக்குப் பகுதி துறவியர்க்கு உரியது. மேற்கே நீண்டு கிடக்கும் பெருங்கூடம் பல இடங்களில் அவ்வூர்ப் பங்கு மக்களின் வழிபாட்டிற்கு விடப்பட்டிருந்தது. இடையே ஒரு தடுப்புச் சுவர் இருந்தது. அந்தத் தடுப்பு பின்னாளில் வாழ்வுக்கும் வீழ்ச்சிக்கும் இடைப்பட்ட எல்லையாக மாறும் என்பதைக் கட்டியவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள்.

கல்லைப் படிக்கும் முறை

பழைய தேவாலயத்தைக் காணச் செல்பவர் கல்லைப் படிக்கச் சிறிதேனும் கற்றிருத்தல் நலம். தாமஸ் ரிக்மன் என்பார் 1817 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் ஆங்கிலக் கட்டடக் கலையை நான்கு காலங்களாக வகுத்தார். அப்பெயர்களே இன்றும் வழங்குகின்றன.

பருத்த உருண்டைத் தூண்களும் அரைவட்ட வளைவுகளும் காணப்படின், அது பெரும்பாலும் 1190 ஐ ஒட்டிய காலத்திற்கு முற்பட்ட நார்மானியர் பணி எனலாம். காசில் ஏக்கர் மடத்தின் மேற்கு முகப்பில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட சிறு வளைவுகள் இதற்குச் சிறந்த சான்று. அடுத்து வருவது முனை கூர்ந்த, குறுகி உயர்ந்த சாளரங்களைக் கொண்ட தொடக்க ஆங்கிலப் பாணி. சாளரத்தின் மேற்பகுதியில் கல்லே கொடியாகவும் இதழாகவும் வளையுமாயின், அது பதினான்காம் நூற்றாண்டின் முற்பாதியைச் சேர்ந்த அலங்காரப் பாணி. நெடுங்கோடுகளாக நிமிர்ந்து நிற்கும் கற்சட்டங்களுக்கிடையே சுவரையே கண்ணாடியாக்கிக் காட்டுவது, இறுதியில் வந்த செங்குத்துப் பாணி.

பெரும்பாலான தேவாலயங்கள் ஒரே காலத்தவை அல்ல. நார்மானியத் தூண்மீது கூர்வளைவும், அதன்மீது பிற்காலச் சாளரமும் அமர்ந்திருக்கும். ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்கைச் சேர்த்துள்ளது என்பதையே அது காட்டுகின்றது.

ஐந்தே ஆண்டுகள்

ஒன்பது நூற்றாண்டுகளாக வளர்ந்த இவ்வமைப்பு ஏறத்தாழ ஐந்தே ஆண்டுகளில் அழிந்தது. போப்பாண்டவரின் தலைமையை விலக்கி, எட்டாம் ஹென்றி மன்னரை ஆங்கிலத் திருச்சபையின் தலைவராக்கும் சட்டம் 1534 ஆம் ஆண்டில் நிறைவேறியது. 1535 ஆம் ஆண்டில், மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல்லின் மேற்பார்வையில், திருச்சபைச் சொத்துகள் யாவும் மதிப்பிடப்பட்டன. மறு ஆண்டில், ஆண்டு வருமானம் 200 பவுனுக்குக் குறைந்த மடங்களை மூடுவதற்குச் சட்டம் வந்தது. பறிமுதலான சொத்துகளை ஆள்வதற்கெனத் தனி மன்றமும் நிறுவப்பட்டது.

மடங்கள் யாவும் குற்றமற்றவையாக விளங்கின என்று கூறுவது வரலாறாகாது. பல மடங்களில் பரந்த நிலங்கள் இருந்தன. துறவியரோ மிகச் சிலரே இருந்தனர். ஒழுக்கக் குறைகளை அக்காலத் திருச்சபையாரே கண்டித்துள்ளனர். ஆயினும், சீர்திருத்தம் வேறு, சூறையாடல் வேறு. மூடப்பட்ட மடங்களின் நிலத்தில் பெரும்பகுதி கல்விக்கும் ஏழைகளுக்கும் சென்று சேரவில்லை. மன்னரின் கருவூலத்திற்கும், பின்னர் விலைகொடுத்து வாங்கிய செல்வர்களுக்கும் சென்றது.

எதிர்ப்பும் எழாமலில்லை. 1536 செப்டம்பர் 28 ஆம் நாள் ஹெக்ஸாம் மடத்தை மூட வந்த அதிகாரிகளைப் படைக்கலம் ஏந்தியவர்கள் எதிர்கொண்டனர். அடுத்த மாதம் வடநாடு முழுவதும் பெருங்கிளர்ச்சி மூண்டது. அதனை வழிநடத்திய இராபர்ட் ஆஸ்க் ஒரு வழக்கறிஞர். சிறைப்பட்ட பின்னர் அவர் தந்த வாக்குமூலத்தில், மடங்கள் ஏழைகட்கு உணவளித்ததையும், வழிப்போக்கர்க்குத் தங்கிடம் தந்ததையும், பாலங்களையும் கடற்சுவர்களையும் காத்ததையும் எடுத்துரைத்தார். 1537 ஜூலையில் அவர் யார்க் நகரில் தூக்கிலிடப்பட்டார். அதன்பின் பெரிய மடங்களும் ஒவ்வொன்றாகப் பணிந்தன. 1540 மார்ச்சில் வால்தம் மடம் மூடப்பட்டதோடு எண்ணூறுக்கும் மேற்பட்ட மடங்களின் கதை முடிவுற்றது. அவ்வாண்டு ஜூலையிலேயே குரோம்வெல்லும் மன்னரின் சினத்திற்கு ஆளாகித் தலை இழந்தார்.

ஈயமும் நெருப்பும்

கற்கட்டடம் தானே விழுவதில்லை. முதலில் அதன் கூரை போகவேண்டும். மடங்களின் கூரைகள் ஈயத் தகடுகளால் வேயப்பட்டிருந்தன. ஈயம் விலையுயர்ந்தது, மன்னருக்கு உரியது. ஆகவே, துறவியர் வெளியேறியவுடன் ஈயத்தை உரித்து உருக்குவதே முதற்பணியாயிற்று. மணிகளும் இறக்கப்பட்டன. கூரை போனபின் மழையும் பனியும் உள்ளே இறங்கின; எஞ்சியதை ஊரார் கல் கல்லாக எடுத்துச் சென்றனர்.

லூயிஸ் மடத்திற்கு அந்தக் காத்திருப்புக்கூட வாய்க்கவில்லை. 1537 நவம்பரில் அது மூடப்பட்டது. அவ்விடம் குரோம்வெல்லுக்கே வழங்கப்பட்டது. 1538 ஆம் ஆண்டில் ஜியோவானி போர்ட்டினாரி என்னும் இத்தாலியப் பொறியாளர் இலண்டனிலிருந்து ஆட்களை அழைத்துவந்தார். சுவரின் அடியை வெட்டி, மரக்கட்டைகளால் முட்டுக்கொடுத்து, பின்னர் அக்கட்டைகளை எரித்துச் சுவரைச் சாய்ப்பது அவர்களின் முறை. 400 அடிக்கும் மேல் நீண்டிருந்த தேவாலயம் அவ்வாறு வீழ்ந்தது. 1845 ஆம் ஆண்டில் அவ்விடத்தின் குறுக்கே இரயில் பாதை அமைக்கத் தோண்டியபோது, வில்லியம், குந்திராடா ஆகியோரின் எலும்புகளைக் கொண்ட, பெயர் பொறித்த இரண்டு ஈயப் பேழைகள் கிடைத்தன. மடத்து வாயிலருகே இருந்த சவுத்தோவர் பங்குத் தேவாலயத்தில் அவை இன்று வைக்கப்பட்டுள்ளன. தம் ஆன்மாவுக்காக அவர்கள் எழுப்பிய பெருங்கோயில் அழிந்தது. ஊராரின் சிறுகோயிலே அவர்களுக்கு அடைக்கலம் தந்தது.

ஒரு தந்தையின் விடை

இவ்வழிவைப் பற்றிய சான்றுகளுள் என் நெஞ்சை மிகவும் தொட்டது மைக்கேல் ஷெர்புரூக் என்பாரின் குறிப்பாகும். அவர் யார்க்‌ஷயரில் விக்கர்ஸ்லி என்னும் ஊரின் குருவாக இருந்தவர். அருகிலிருந்த ரோச் மடம் 1538 ஜூன் 23 ஆம் நாள் மூடப்பட்டபோது நிகழ்ந்தவற்றை, நேரில் கண்ட தம் தந்தையிடமும் சிற்றப்பாவிடமும் கேட்டு எழுதிவைத்தார்.

அக்குறிப்பின்படி, ஒவ்வொரு துறவிக்கும் அவர் வாழ்ந்த சிற்றறையே உடைமையாக விடப்பட்டது. அவர்களுள் ஒருவர், தமக்கு அறிமுகமான சிற்றப்பாவிடம் ஏதேனும் வாங்கிக்கொள்ளுமாறு வேண்டினார். தம் அறைக் கதவை இரண்டு பென்னிக்குத் தர முன்வந்தார். மணமாகாத இளைஞராகிய சிற்றப்பா, வீடே இல்லாதவனுக்குக் கதவு எதற்கு என்று மறுத்துவிட்டார். துறவியர் அமர்ந்து பாடிய மர இருக்கைகளையே எரித்து அந்நெருப்பில் ஈயத்தை உருக்கினர். அருகிலேயே காடு இருந்தும் அவ்வாறு செய்தனர். வழிபாட்டு நூல்களைச் சிலர் எடுத்துச் சென்று, வண்டிக் கூண்டுகளின் கிழிசலை அடைத்தனர்.

முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர் மகன் தந்தையை வினவினார். தந்தை அம்மடத்து மரங்களை விலைக்கு வாங்கியவர்களுள் ஒருவர். ‘அத்துறவியரைப் பற்றி நீங்கள் நல்லெண்ணம் கொண்டிருந்தீர்களா?’ என்பது முதல் வினா. ஆம், வேறுவிதமாக எண்ணக் காரணமில்லை என்றார் தந்தை. ‘அவ்வாறாயின், நல்லது என்று நினைத்ததை அழிப்பதில் நீங்களும் ஏன் பங்கு கொண்டீர்கள்?’ என்பது இரண்டாவது வினா. எல்லாம் போகப்போகிறது என்று கண்டேன்; பிறர் பெறும் ஆதாயத்தில் நானும் ஒரு பங்கு பெறலாகாதா; எல்லாரும் செய்ததையே நானும் செய்தேன் என்னும் கருத்துப்பட அவர் விடையளித்தார்.

இவ்விடையில் கொடுமை இல்லை, பகைமையும் இல்லை. அதுவே நம்மை நடுங்கச் செய்கின்றது. சட்டத்தை இயற்றியவர் மன்னர். திட்டத்தை வகுத்தவர் அமைச்சர். ஆனால், கடைசிக் கல்லையும் கடைசி மரத்தையும் தூக்கிச் சென்றவர்கள், நேற்றுவரை அங்கே மண்டியிட்டுத் தொழுத நல்ல மனிதர்களே.

விலை கொடுத்துக் காத்தவர்கள்

எல்லா ஊரும் இவ்வாறு நடந்துகொள்ளவில்லை. எதிர்க்க இயலாத சட்டத்திற்குள்ளேயே ஒரு வழியைச் சில ஊர்கள் கண்டன. தேவாலயத்தை அரசரிடமிருந்து விலைக்கு வாங்குவதே அவ்வழி.

உஸ்டர்‌ஷயரிலுள்ள கிரேட் மால்வர்ன் சிற்றூரில், மலைச்சரிவில் ஒரு பிரையரி இருந்தது. அதனை முற்றாக அழிக்காமல், போதனைக்கும் கல்விக்கும் விருந்தோம்பலுக்கும் விட்டுவைக்குமாறு ஆயர் இலாட்டிமர் 1538 ஆம் ஆண்டில் குரோம்வெல்லுக்கு எழுதினார். அம்முறையீடு பயன் தரவில்லை. ஆனால், அவ்வூர்ப் பங்கு மக்களின் சொந்தத் தேவாலயம் பழுதுபட்டிருந்தது. அவர்கள் 1541 ஆம் ஆண்டில் 20 பவுன் திரட்டி மடத்துத் தேவாலயத்தை வாங்கினர். நாளொன்றுக்கு நான்கு பென்னி பெற்ற அக்காலக் கூலியாளுக்கு 20 பவுன் என்பது 1,200 நாள் கூலியாகும். பதினைந்தாம் நூற்றாண்டின் வண்ணக் கண்ணாடிகள் நாட்டிலேயே மிகுதியாக எஞ்சியுள்ள இடங்களுள் ஒன்றாக அத்தேவாலயம் இன்று போற்றப்படுகின்றது.

ஹாம்ப்‌ஷயரிலுள்ள ரம்சி நகரில் கன்னியர் மடம் ஒன்று இருந்தது. அதன் தேவாலயத்தில் ஒரு பகுதியை ஊரார் பயன்படுத்தி வந்தனர். 1544 ஆம் ஆண்டில் அவர்கள் 100 பவுன் கொடுத்துக் கட்டடம் முழுவதையும் வாங்கினர். அந்த விற்பனைப் பத்திரம் இன்றும் அத்தேவாலயத்திலேயே உள்ளது. டியூக்ஸ்பரி மக்கள், நெடுங்கூடம் தம்முடையது என்று உரிமை கோரியதோடு நில்லாமல், துறவியர் பகுதிக்கும் அதன் ஈயம், மணி ஆகியவற்றின் மதிப்பாகிய 453 பவுனைச் செலுத்தினர். செயிண்ட் ஆல்பன்ஸ் நகரத்தார் 1553 ஆம் ஆண்டில் 400 பவுனுக்கு அவ்வூர் மடத்துத் தேவாலயத்தைப் பெற்றனர். அதன் கிழக்குக் கோடியிலுள்ள மரியன்னை சிற்றாலயத்தில் ஒரு பள்ளியை அமைத்தனர். முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக மாணவர்கள் அங்கே பாடம் பயின்றனர் என்னும் செய்தி, ஆசிரியர் குலத்தைச் சார்ந்த நமக்குப் பெருமகிழ்ச்சி தருவதாகும்.

பற்று மட்டுமே எல்லாவற்றையும் காத்துவிடும் என்றும் கூற இயலாது. காவென்ட்ரி நகரின் மடத்துப் பேராலயத்தைக் காக்க ஆயர் ரோலண்ட் லீ மன்றாடியும் அது இடிக்கப்பட்டது. 1511 ஆம் ஆண்டில் எட்டாம் ஹென்றியே வெறுங்காலுடன் யாத்திரை சென்ற வால்சிங்காம் மடம், 1538 ஆம் ஆண்டில் அவர் ஆணையாலேயே மூடப்பட்டது. கிழக்குச் சாளரத்தின் பெருவளைவு மட்டும் இன்று அங்கே தனித்து நிற்கின்றது. எனினும், மக்களுக்கென ஒரு பகுதி இருந்து, அதனை அவர்கள் விடாது பற்றிக்கொண்ட இடங்களில் கூரை எஞ்சியது. போல்டனின் மேற்குப் பாதி இன்றும் வழிபாட்டிடமாக இருப்பதற்குக் காரணம் இதுவே. அது பங்கு மக்களின் கூடம். கிழக்குப் பாதிக்குத் துறவியரைத் தவிர வேறு உரியவர் இருக்கவில்லை.

வெள்ளைக்கு அடியில்

காக்கப்பட்ட தேவாலயங்களின் உட்புறமும் மாற்றத்திற்குத் தப்பவில்லை. எட்டாம் ஹென்றிக்குப் பின்வந்த ஆறாம் எட்வர்டின் ஆட்சியில், 1547 முதல் 1553 வரை, புனிதர்களின் உருவங்கள் அகற்றப்பட்டன. சுவரோவியங்கள்மீது சுண்ணாம்பு பூசப்பட்டது.

நார்போக் பகுதியிலுள்ள பின்ஹாம் பிரையரியின் நெடுங்கூடம் இன்று ஊர்த் தேவாலயமாக உள்ளது. சுற்றிலும் இடிபாடுகள் கிடக்கின்றன. அங்கிருந்த மரத்தடுப்பில் புனிதர்களின் உருவங்கள் தீட்டப்பட்டிருந்தன. அவற்றின்மீது வெள்ளை பூசி, 1539 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில விவிலியத்தின் சொற்களைக் கரிய எழுத்துகளில் எழுதினர். காலப்போக்கில் வெள்ளை உதிர்ந்தது. இப்போது எழுத்துகளுக்கிடையே புனிதர்களின் முகங்கள் எட்டிப் பார்க்கின்றன. பழைய நம்பிக்கை, புதிய நம்பிக்கை ஆகிய இரண்டையும் ஒரே பலகையில் காணும் வாய்ப்பு அங்கே கிட்டுகின்றது. மறைப்பவர் கையும் மறைக்கப்பட்டவர் முகமும் ஒருங்கே வரலாற்றுச் சான்றுகளாகிவிட்டன.

சபோக் பகுதியிலுள்ள வென்ஹாஸ்டன் ஊரில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. இறுதித் தீர்ப்பு நாளைச் சித்திரிக்கும் பெரிய பலகை ஓவியம் அங்கே வெள்ளையால் மறைக்கப்பட்டு, ஆள்வோர்க்குப் பணிக என்னும் கருத்துடைய விவிலிய வாசகம் மேலே எழுதப்பட்டது. 1892 ஆம் ஆண்டில் தேவாலயத்தைப் புதுப்பித்தவர்கள், பயனற்றவை என்று கருதி அப்பலகைகளைக் கல்லறைத் தோட்டத்தில் எறிந்தனர். பெய்த மழையில் வெள்ளை கரைந்தது, ஓவியம் வெளிப்பட்டது. இன்று அவ்வூரின் பெருஞ்செல்வம் அதுவே.

காப்பாற்றும் பணி

இடிந்த மடங்களின் கற்கள் வீணாகக் கிடக்கவில்லை. லிண்டிஸ்பார்ன் மடத்தின் கற்கள் அத்தீவின் கோட்டைக்குச் சென்றன. காசில் ஏக்கரில் மடத்தலைவரின் இல்லம் மட்டும் பண்ணை வீடாகப் பயன்பட்டதால் கூரையோடு தப்பியது. வடக்கே லானர்காஸ்ட் மடமே, உரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரின் கற்களைக் கொண்டு எழுந்தது. அம்மடம் வீழ்ந்தபின் அதன் நெடுங்கூடம் ஊர்த் தேவாலயமாயிற்று. பயன்படுவது நிலைக்கும் என்னும் உண்மையை இவையாவும் உணர்த்துகின்றன.

1882 ஆம் ஆண்டில் தொல்சின்னங்களைக் காக்கும் முதற்சட்டம் பிரிட்டனில் பிறந்தது. இன்று இடிந்த மடங்கள் பலவற்றை ‘இங்கிலீஷ் ஹெரிட்டேஜ்’ என்னும் அறநிறுவனம் பேணுகின்றது. புல் வெட்டப்பட்டு, விளக்கப் பலகைகள் நாட்டப்பட்டுள்ளன. ஊர்த் தேவாலயங்களின் நிலையோ வேறு. ஆங்கிலத் திருச்சபைக்கு ஏறத்தாழ 16,000 தேவாலயங்கள் உள்ளன. வழிபட வருவோர் தொகை குறைந்துவிட்ட சிற்றூர்களில், கூரையைச் செப்பனிடும் செலவு ஒரு சிலர் தோள்களில் விழுகின்றது. கைவிடப்பட்டவற்றைக் காப்பதற்கென 1969 ஆம் ஆண்டில் தோன்றிய அறக்கட்டளை, 350 க்கும் மேற்பட்ட தேவாலயங்களை ஏற்றுப் பேணி வருகின்றது. நானூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன் மால்வர்ன் மக்கள் எதிர்கொண்ட கேள்வியை இன்றைய சிற்றூர் மக்கள் வேறொரு வடிவில் எதிர்கொள்கின்றனர். அன்று பறித்தது அரசாணை; இன்று பறிக்க வருவது மறதி.

ஆகவே, இங்கிலாந்துக்குச் செல்லும் வாய்ப்புடையோர் இலண்டன் மாநகரின் பெருங்கோயில்களோடு அமையாது, இத்தகைய ஊர்களுக்கும் சென்று வருதல் வேண்டும். இடிபாட்டைக் கண்டபின் அருகிலுள்ள ஊர்த் தேவாலயத்தின் கதவையும் திறந்து உள்ளே செல்க. சுவரில் பழைய கூரை பொருந்தியிருந்த சாய்வுக் கோட்டைத் தேடுக; அடைக்கப்பட்ட வளைவுகளைத் தேடுக. அங்கே கல்லும் ஓவியமும் மட்டுமன்றி, ஒரு காலத்து மக்கள் எடுத்த முடிவும் கண்ணுக்குப் புலனாகும்.

பொதுச்சொத்து ஒன்று அழியும் வேளையில் ஒவ்வோர் ஊரின்முன்னும் இருவகைக் கணக்குகள் வைக்கப்படுகின்றன. எல்லாம் போகப்போகிறது, நம் பங்கை எடுத்துக்கொள்வோம் என்பது ஒன்று. நம்மால் இயன்ற இருபது பவுனைத் திரட்டுவோம் என்பது மற்றொன்று. முதற்கணக்குப் போட்டவர் வீட்டிற்குச் சில மரங்கள் கிடைத்தன. இரண்டாவது கணக்குப் போட்டவர்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குத் தெரியவில்லை. ஆனால், அவர்கள் காத்த கூரை இன்றும் மழையைத் தாங்குகின்றது. ஷெர்புரூக் தம் தந்தையிடம் கேட்ட வினாவை எல்லாத் தலைமுறையும் தன் முன்னோரிடம் கேட்கும். நம் பிள்ளைகள் கேட்கும் நாளில் தலைநிமிர்ந்து விடை கூறத் தக்கவராய் நாம் வாழ்தல் வேண்டும்.